கூந்தல் குறைவது தண்ணீராலா, சீப்பாலா?

"மும்பைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, தலைமுடி பாதியாகிவிட்டது" - இப்படிச் சொல்லாத தமிழ்ப் பெண் இந்த நகரில் அபூர்வம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே நான்கு பெண்கள் கூடினாலும் இந்தப் பேச்சு ஒரு முறையாவது வந்துவிடும். பழி முழுவதும் தண்ணீர் மீது விழும். "நம்ம ஊர்த் தண்ணி மாதிரி வருமா?" என்று ஒரு பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும்.

தண்ணீர் பாவம். மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது துளசி, விகார், தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய ஏரிகளில் தேங்கிய மழை நீர். உப்புக் குறைந்த, சோப்பு நன்றாக நுரைக்கும் நீர். நம் மாவட்டங்கள் பலவற்றில் கிணற்று நீரில் துணி துவைத்தால் சோப்பு கரைந்து தீரும், நுரை வராது. அந்த உப்புத் தண்ணீரில் குளித்து இடுப்பளவு சடை வளர்த்தவர்களே இங்கே வந்து ஏரித் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள்! லாரியில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழும் புறநகர்க் குடியிருப்புகளின் கதை வேறு. அந்த நீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கும் அதிகம் விழும். அங்கேகூட, சிக்கு விழுவதற்குத்தான் தண்ணீர் பொறுப்பு. விழுந்த சிக்கை எதைக் கொண்டு எப்படி எடுக்கிறோம் என்பதற்குத் தண்ணீர் பொறுப்பாகாது.

ஊருக்கும் இங்கேக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அவசரம். ஊரில் திண்ணையிலோ பின்கட்டிலோ உட்கார்ந்து, பாட்டியோ அத்தையோ அரைமணி நேரம் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார்கள். இங்கே ஏழரை மணி லோக்கலைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிஷம்தான் தலைக்கு. கையில் இருப்பது பெட்டியிலேயே ஒரு பெண்மணி விற்றுக்கொண்டு வந்த பிளாஸ்டிக் சீப்பு. அல்லது வீட்டுக்காரரின் சட்டைப்பை சீப்பு. அதை உச்சியில் வைத்து நுனி வரை ஒரே இழுப்பு. "சரக் சரக்" என்று சத்தம் கேட்கிறதே, அது சிக்கு விடுபடும் சத்தமல்ல, முடி அறுபடும் சத்தம்.

இதைப் படிக்கும் ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வீட்டுக்கு சீப்பு வாங்கிச் செல்வது பல குடும்பங்களில் நீங்கள்தான். ஸ்டேஷன் வாசலில், "ஏதாவது ஒன்று கொடப்பா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதும் நீங்கள்தான்.

உதிர்ந்ததா, அறுந்ததா?

முதலில் ஒரு சோதனை. இதற்குக் காசு செலவில்லை. தலை வாரியபின் சீப்பில் தங்கும் முடிகளில் பத்துப் பதினைந்தை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாகப் பரப்புங்கள். முழு நீளம் இருந்து, ஒரு முனையில் குண்டூசித் தலையிலும் சிறியதாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. அதன் ஆயுள் முடிந்தது, விழுந்தது. எந்த மனிதருக்கும் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை இப்படி விழுவது இயற்கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிதானமாகத் தலை வாருகிறவர்களுக்கு, வார நாட்களில் சடைக்குள்ளேயே சிக்கி நின்ற முடியும் சேர்ந்து வருவதால் கொத்தாகத் தெரியும். பார்த்ததும் பயந்துவிடக் கூடாது.

வெள்ளைப் புள்ளி இல்லாமல், அரை விரல், ஒரு விரல், ஒரு சாண் என்று நீளம் குறைந்த துண்டுகளாக இருந்தால் அவை உதிர்ந்தவை அல்ல, அறுந்தவை. குற்றவாளி சீப்பு அல்லது பிடித்து வாரிய கை. நுனி இரண்டாகப் பிளந்த முடிகளும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வேரோடு வருவது திடீரென்று பல மடங்கு கூடினால் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவம், டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல், பெரிய ஆபரேஷன் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானே நிற்கும், திரும்பவும் முளைக்கும். ரத்தசோகையாலும், தைராய்டு கோளாறாலும் கொட்டும். இதற்கெல்லாம் சீப்பை மாற்றி என்ன பயன்?

நுனியின் வயது

நீண்ட கூந்தலுக்குத் தனிச் சீப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் கூந்தல் சுமார் எண்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனிக்கு வயது ஆறரை. மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணமாகி மும்பைக்கு வந்த பெண்ணின் சடை நுனி, அவள் திருநெல்வேலியிலோ திருவண்ணாமலையிலோ இருந்தபோது முளைத்தது! தினம் இரண்டு முறை தலை வாரினால், அந்த நுனியின் மீது இதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சீப்பு ஓடியிருக்கிறது. வேருக்கு அருகில் நேற்று முளைத்த முடி தாங்குகிற இழுப்பை ஆறு வயது நுனி தாங்காது. கிராப்பு வைத்த ஆண்களின் முடி இரண்டு மாதத்தில் சலூன் தரையில் விழுந்துவிடுகிறது. எந்தச் சீப்பானால் என்ன, அவர்களுக்குக் கவலையில்லை.

ஒவ்வொரு முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. மீனின் செதிலைப்போல ஒன்றின் மேல் ஒன்றாக, நுனியை நோக்கிப் படிந்திருக்கும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையைக் கீறும். முடியும் அப்படித்தான். செதில் படிந்திருந்தால் கூந்தல் மினுமினுக்கும், ஒன்றோடொன்று சிக்காது. செதில் பெயர்ந்தால் மினுமினுப்பு போகும், சிக்கு விழும், கடைசியில் உள்ளே இருக்கும் நார் பிரிந்து நுனி பிளக்கும். பிளந்த நுனியை ஒட்டவைக்க எந்த எண்ணெயாலும் எந்த ஷாம்பூவாலும் முடியாது. கத்தரிக்கோல் ஒன்றுதான் வழி. விளம்பரக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

பல்லின் மேல் ஒரு கோடு

சாதாரண பிளாஸ்டிக் சீப்பு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் பக்கவாட்டிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். உருக்கிய பிளாஸ்டிக்கை இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவே செலுத்தித்தான் இந்தச் சீப்புகளை வார்க்கிறார்கள். இரண்டு அச்சும் சேருமிடத்தில் பிசிறு நிற்கும். நல்ல தொழிற்சாலையில் அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். மலிவுச் சரக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பிசிறுதான் செதிலைச் சுரண்டும் கத்தி. ஒரு சீப்பில் நாற்பது பல் இருந்தால் நாற்பது சின்னக் கத்திகள். அவை முடியின் மீது தினம் இரண்டு வேளை ஓடுகின்றன.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். முழங்கையின் உள்பக்கத்தில், தோல் மெல்லிதாக உள்ள இடத்தில், சீப்பை லேசாக இழுத்துப் பாருங்கள். கீறுகிற மாதிரி இருந்தால் வேண்டாம். இன்னும் நிச்சயமான சோதனை, புடவை முந்தானை நுனியையோ துளி பஞ்சையோ பற்களுக்கிடையே விட்டு இழுப்பது. நூல் பிடித்தாலும், பஞ்சு ஒட்டினாலும் அந்தச் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே, ஆறு வருஷத்து முடியைத் தொடப்போகிற பொருளுக்கு அதுகூடச் செய்யக் கூடாதா?

பல் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். பல்லின் அடியில், அதாவது இரண்டு பற்கள் சேரும் பள்ளத்தில், கூர்மையான இடுக்கு இருக்கக் கூடாது. முடி போய் மாட்டுவது அங்கேதான். பற்களுக்கு இடையே ஒரு பென்சில் முனை தாராளமாகப் போய்வரும் இடைவெளி வேண்டும். கடையில் கேட்கும்போது, "மோட்டே தாந்த் வாலி கங்கி" என்று இந்தியில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மராத்தியில் சீப்புக்கு "கங்வா" என்று பெயர். "ஃபணீ" என்று கேட்டுவிடாதீர்கள், பேன் சீப்பைத் தந்துவிடுவார்கள்!

அச்சில் வார்க்காமல், தகட்டிலிருந்து ஒவ்வொரு பல்லாக ரம்பத்தால் அறுத்து, மெருகேற்றிச் செய்யும் சீப்புகளும் உண்டு. இவற்றில் கோடு இராது. 1777-ல் தொடங்கிய இங்கிலாந்தின் கென்ட் கம்பெனி இந்த வகைக்குப் பேர்போனது. அந்த விலை நம் பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. அதே வேலையைச் செய்யும் பொருள் நம் நாட்டிலேயே, அதிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அது மரச்சீப்பு.

மரமும் கொம்பும்

மரச்சீப்பின் முதல் நன்மை, முடியில் மின்சாரம் ஏற்றாது. பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டுத் துண்டுக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால் காகிதம் துள்ளி ஒட்டுமே, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த விளையாட்டு, அதே மின்சாரம்தான் முடியை ஒன்றுக்கொன்று விலக்கிப் பறக்கவைக்கிறது. மும்பையின் கடற்காற்று ஈரமானதால் இங்கே இந்தத் தொல்லை குறைவு. டில்லி, நாகபுரி, போபால் பக்கம் குளிர்காலத்தில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே இருப்பவர்களுக்கு மரச்சீப்பு ஆடம்பரமல்ல, அவசியம்.

வேம்பு, ஈட்டி, சந்தனம் என்று பல மரங்களில் சீப்பு வருகிறது. "வேப்பமரச் சீப்பு பொடுகைப் போக்கும், பேனைக் கொல்லும்" என்றெல்லாம் அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அந்த வாசகத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். வேம்பானால் என்ன, வேறு மரமானால் என்ன, பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். மரத்தின் ரேகை பல்லின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பல் ஒரு மாதத்தில் முறியும். பற்கள் வழவழவென்று இழைத்திருக்க வேண்டும். பளபளப்புக்காகத் தடித்த வார்னிஷ் பூசியிருக்கக் கூடாது, ஏனென்றால் அது உரிந்து பிசிறாகும். சந்தனச் சீப்பு என்று தெருவில் விற்பது பெரும்பாலும் வேறு மரத்தில் வாசனை எண்ணெய் தடவியது. வாசனை பத்து நாளில் போய்விடும், போனபின் அதுவும் ஒரு மரச்சீப்பு, அவ்வளவுதான்.

மரச்சீப்பைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, ஊறினால் உப்பி, வெடித்து, சிலாம்பு எழும். வாங்கியதும் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தடவி இரவு முழுக்க வைத்துத் துடைத்தால் பல வருஷம் வரும்.

எருமைக் கொம்புச் சீப்பு இன்னும் நயமானது. தலைமுடி எந்தப் பொருளால் ஆனதோ, அதே கெரட்டின் புரதத்தால் ஆனதுதான் கொம்பும். உத்தரப் பிரதேசத்தில் சம்பல் என்னும் ஊரில் கொம்பிலும் எலும்பிலும் சாமான் செய்வதே பிரதானத் தொழில். கைத்தொழில் கண்காட்சிகளில் இவை கிடைக்கும். கீழே போட்டால் உடையும். தந்தச் சீப்பு, ஆமையோட்டுச் சீப்பு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடாதீர்கள், வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம். பாட்டி காலத்துத் தந்தச் சீப்பு வேறு விஷயம். கீழடி அகழாய்வில்கூடத் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறதே!

பழைய சீப்பு என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற இடத்தில் 2016-ல் ஒரு குட்டித் தந்தச் சீப்பைத் தோண்டியெடுத்தார்கள். அதில் கீறலான எழுத்துகள் இருப்பது சில வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2022-ல் அதைப் படித்துச் சொன்னார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்பது அதன் கருத்து. சுமார் 3,700 வருஷத்துக்கு முற்பட்டது. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள், மறுபக்கம் பேன் வார பதினான்கு மெல்லிய பற்கள். நம் வீடுகளில் இன்றும் இருக்கும் இருபக்கச் சீப்பேதான்!

சிக்கெடுக்க நம் ஊர்ப் பெண்கள் சீப்பை மட்டும் நம்பவில்லை. சிணுக்கோலி என்று ஒரு கருவி இருந்தது. கொம்பிலோ மரத்திலோ உலோகத்திலோ செய்த, முனை மழுங்கிய நீண்ட ஊசி. முடிச்சின் நடுவே அதை விட்டு மெல்ல நெகிழ்த்துவார்கள். சீப்பு நாற்பது இடத்தில் இழுக்கும், சிணுக்கோலி ஓரிடத்தில் மட்டும் நெகிழ்க்கும். ஊருக்குப் போனால் பாட்டியின் பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், மழுங்கிய முனையுள்ள மரத்தாலான கொண்டை ஊசி அந்த வேலையைச் செய்யும்.

பிரஷ் வேண்டுமா?

ஆபீசில் உடன் வேலை பார்க்கும் பெண்கள் கைப்பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தலை வாருவதைப் பார்த்து நம் பெண்களுக்கும் ஆசை வருகிறது. தப்பில்லை. ஆனால் பிரஷ்ஷில் ஜாதிகள் பல, ஒன்றின் வேலை இன்னொன்றுக்கு வராது.

ரப்பர் மெத்தையில் குத்திய பிரஷ்ஷே நீண்ட கூந்தலுக்கு ஏற்றது. இழுப்பு அதிகமானால் மெத்தை உள்வாங்கும், குச்சி சாயும், முடி பிழைக்கும். லண்டனில் மேசன் பியர்சன் என்பவர் 1885-ல் இந்த மெத்தைப் பிரஷ்ஷை உருவாக்கினார். இன்று நம் கடைவீதியில் கிடைக்கும் அகலத் தட்டைப் பிரஷ்கள் அதன் தூரத்துச் சொந்தங்கள். இவற்றை வாங்கும்போது குச்சி நுனியைக் கவனிக்க வேண்டும். சில பிரஷ்களில் கம்பி நுனியில் சின்ன மணி போலப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆறு மாதத்தில் மணிகள் ஒவ்வொன்றாக உதிரும். பிறகு மொட்டைக் கம்பி மண்டையையும் கீறும், முடியையும் அறுக்கும். குச்சியும் நுனியும் ஒரே வார்ப்பாக இருப்பதே மேல். பாதி மணி போன பிரஷ்ஷை, "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பன்றி ரோமம் நெருக்கமாக நட்ட பிரஷ் எண்ணெயை வேரிலிருந்து நுனி வரை பரப்பிப் பளபளப்பாக்கும், சிக்கெடுக்காது. சிக்கோடு அதை ஓட்டினால் முடிச்சு இன்னும் இறுகும். உருளைப் பிரஷ் சலூன்காரர்களுக்கு உரியது. இடுப்பளவு கூந்தலில் அதைச் சுற்றிவிட்டுக் கழற்ற முடியாமல், கடைசியில் கத்தரிக்கோலால் விடுதலை பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பிடியில்லாமல் சோப்புக்கட்டி வடிவில், குட்டையும் நெட்டையுமாக வளையும் பற்களோடு ஒரு பிரஷ் இப்போது எல்லா இடத்திலும் விற்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஷான் பல்ஃப்ரி என்ற முடி அலங்காரக்காரர். 2007-ல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பணம் போட முதலாளிகளைத் தேடி வந்தார். எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். பிறகு அதுவே உலகமெங்கும் விற்றது. இதில் சூட்சுமம் முழுவதும் பற்களின் வளைவில் இருக்கிறது. முடிச்சு வந்தால் பல் வளைந்து விலகிக்கொள்ளும். தாதர் நடைபாதையிலும் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கமும் கிடைக்கும் நகல்களில் வடிவம் மட்டும் அப்படியே இருக்கும், பல் விறைப்பாக இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து உடனே நிமிர்ந்தால் வாங்கலாம். மரக்கட்டை போல நின்றால் அது துணி துவைக்கத்தான் லாயக்கு.

என்னைக் கேட்டால், நீண்ட கூந்தல் உள்ள வீட்டுக்கு அகலப் பல் மரச்சீப்பு ஒன்று, வகிடு எடுக்கவும் கடைசியாகச் சீராக்கவும் நடுத்தரப் பல் சீப்பு ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பேன் சீப்பு ஒன்று. பிரஷ் இல்லாமலே காலம் தள்ளலாம். தினம் நூறு தரம் பிரஷ் போட்டால் கூந்தல் வளரும் என்று வெள்ளைக்காரர் காலத்துப் பத்திரிகைகளில் எழுதிவைத்ததைச் சிலர் இன்றும் நம்புகிறார்கள். நூறு தரம் போட்டால் நூறு தரம் தேயும்!

நுனியிலிருந்து மேலே

எவ்வளவு நல்ல சீப்பானாலும், உச்சியில் ஆரம்பித்தால் எல்லா முடிச்சும் கீழே தள்ளப்பட்டு ஒரே முடிச்சாகிவிடும். நுனியில் ஒரு சாணை முதலில் வாரி முடிக்க வேண்டும். பிறகு அதற்கு மேல் ஒரு சாண். இப்படி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில்தான் உச்சியிலிருந்து நுனி வரை ஓட்ட வேண்டும். முடிச்சுக்கு மேலே இடது கையால் கூந்தலை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது, வலியும் இராது. பள்ளிக்கூடம் போகும் பெண்குழந்தை தலை வாரும்போது அழுகிறதே, அது பெரும்பாலும் இந்த இடது கை சும்மா இருப்பதால்தான்.

இந்த அழுகையை லேசாக எண்ணிவிட முடியாது. காலையில் டிபன் கட்ட வேண்டும், ரயிலைப் பிடிக்க வேண்டும், இரட்டைப் பின்னல் போடவில்லையென்றால் பள்ளியில் கேட்பார்கள். குழந்தை அழ, தாய் முதுகில் ஒன்று போட, ஒருநாள் பொறுமை போய், "வெட்டிவிடலாம்" என்று முடிவாகிறது. முடியைக் குட்டையாக வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட குழந்தையின் முடி, சரியான சீப்பு இல்லாததால் சலூன் தரையில் விழுகிறதென்றால் அது வருத்தம்தானே? இரவு படுக்கும் முன்பே நிதானமாகச் சிக்கெடுத்துத் தளர்வாக ஒரு பின்னல் போட்டுவிட்டால், காலையில் மூன்று நிமிஷ வேலைதான் மிச்சம். தாய்க்கும் அப்படியே. லோக்கல் ரயிலில் வாசலோரம் நின்று விரித்த தலையோடு வரவே கூடாது. அரை மணி நேரக் காற்றில் விழும் சிக்கை எடுக்க அரை மணி நேரம் வேண்டும்.

ஈரத் தலையை உடனே வாரக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. நீர் புகுந்ததும் முடிக்குள் இருக்கும் பிணைப்புகளில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. முடி ரப்பர் போல நீளும், அளவு மீறினால் பழைய நிலைக்குத் திரும்பாது, அறும். துண்டால் முறுக்கி அடிக்காமல், ஒற்றி எடுத்து, முக்கால் பாகம் உலர்ந்தபின் அகலப் பல் சீப்பால் தொடங்கலாம். சுருட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் இது தலைகீழ். கடும் சுருட்டை உலர்ந்தால்தான் பூட்டிக்கொள்ளும். அவர்கள் ஈரமாக இருக்கும்போதே விரலாலும் அகலப் பல் சீப்பாலும் சிக்கெடுப்பது நல்லது.

குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை, "பிசுக்கு" என்று இங்கே வந்தபின் கைவிட்டவர்கள் அநேகர். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தச் சக்தி இல்லை என்றும் 2003-ல் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சீப்பு ஓடுவதற்கும் எண்ணெய் வழுக்கலாக உதவும். தலைக்குக் குளிக்கும் முன் தடவி, சிக்கெடுத்து, பிறகு அலசிவிட்டால் ஆபீசுக்குப் பிசுக்கோடு போக வேண்டியதில்லை.

பேன் சீப்பு - ஈருளி, ஈர்கொல்லி என்று ஊருக்கு ஒரு பெயர் - வாங்கும்போது உலோகப் பல் உள்ளதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் பல் அகன்று கொடுக்கும், ஈர் நழுவிவிடும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாளாகும். ஆகையால் ஒருநாள் வாரிவிட்டு, "போயிற்று" என்று விட்டால் அடுத்த வாரம் திரும்பவும் வரும். இரண்டு நாளைக்கு ஒரு தரமாக இரண்டு வாரம் வாரினால்தான் தீரும். இந்தச் சீப்பு முடியை இழுக்கத்தான் செய்யும். சிக்கில்லாமல் வாரியபின், எண்ணெய் தடவிய தலையில், சிறு சிறு பகுதியாகப் பிரித்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் கொதிநீரில் போட்டு எடுக்க மறக்காதீர்கள்.

மற்றச் சீப்புகளையும் வாரம் ஒரு முறை சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம், மரச்சீப்பை மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். அழுக்கேறிய பிரஷ்ஷைச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாடு. நியூயார்க்கில் வசித்த லைடா நியூமன் என்ற கறுப்பினப் பெண்மணி, கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய பிரஷ்ஷுக்கு 1898-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். நம் வீட்டுப் பிரஷ்கள் இன்னும் கழற்ற முடியாமல்தான் இருக்கின்றன! விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஒருவர் சீப்பை ஒருவர் வாங்கி வாருவதை நிறுத்த வேண்டும். பேன் மட்டுமல்ல, தலையில் படர்தாமரையும் அப்படித்தான் பரவுகிறது.

சீப்பில் சேர்ந்த முடியை என்ன செய்கிறீர்கள்? ஊரில் சுவர் இடுக்கில் செருகிவைத்து, முடி வாங்க வருபவரிடம் கொடுத்து எவர்சில்வர் கிண்ணமோ மிட்டாயோ வாங்கியவர்கள் உண்டு. அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது. அப்படிச் சேரும் முடி கர்நாடகத்தில் கொப்பள் அருகே உள்ள பாக்யநகர் போன்ற இடங்களுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. சீப்பில் வந்த முடியில் வேர் எது, நுனி எது என்று திசை மாறிக் கிடப்பதால் செதில் செதிலோடு மாட்டி ஒரே பந்தாக இருக்கும். அந்தப் பந்துகளைப் பிரிக்க இயந்திரத்தைவிடக் கையையே நம்புகிறார்கள். கூலிக்கு அமர்ந்த பெண்கள் நாள் முழுக்க ஊசியால் ஒவ்வொரு முடியாக நெகிழ்த்தி எடுத்து, முள் பதித்த பலகையில் இழுத்து, நீளவாரியாகக் கட்டு கட்டுகிறார்கள். நீளம் கூடக் கூட விலை கூடும். அறுந்த துண்டுக்கு விலை குறைவு.